அளந்து ஓட்டியவர் வென்றார்!
அமெரிக்கக் கார் பந்தயத் திடலில் ஒரு கடைக்கணக்கு

‘ஸ்டாக்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் வணிகப் பெருமக்களுக்கு நினைவுக்கு வருவது கிட்டங்கிதான். துவரம்பருப்பு எத்தனை மூட்டை, சர்க்கரை எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின் என்ற இருப்புக் கணக்குத்தான். அமெரிக்காவில் ‘ஸ்டாக் கார் பந்தயம்’ என்று ஒன்று நடக்கிறது என்று சொன்னால், ‘சரக்கு ஏற்றிய வண்டிகளுக்கா பந்தயம்?’ என்று நம்மில் ஒருவர் கேட்கக்கூடும்.

அந்தக் கேள்வி முழுக்கத் தவறும் அல்ல. கார் விற்பனையாளர் தம் கடையில் இருப்பு வைத்து விற்கும் அதே மாதிரி காரைப் பந்தயத்தில் ஓட்டியதால்தான் அந்தப் பெயர் வந்தது. பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த வண்டி அல்ல. நேற்று டாக்டரும் வக்கீலும் வாங்கிச் சென்ற அதே வண்டி. காலப்போக்கில் உள்ளே இருக்கும் பாகங்கள் எல்லாம் மாறிவிட்டன. வெளித் தோற்றம் மட்டும் கடைக் காரைப் போல் இருக்கிறது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. ‘ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் வென்றால் திங்கட்கிழமை கடையில் விற்கும்’ என்பது அந்த ஊர்க் கார் வியாபாரிகளின் வழக்குச் சொல்.

சரி, இதற்கும் நம் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம்? 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, அந்த நாட்டின் மிகப் பெரிய ஸ்டாக் கார் பந்தயத்தில், மிக வேகமான கார் தோற்றது. சுற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் செலவாகிறது என்று கணக்குப் பார்த்து ஓடிய கார் வென்றது. அப்படி ஒரு கணக்குத் தெரியாமல் ஒரு தீபாவளிக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதையும் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன்.

பெட்ரோல் பங்க் நடத்தியவர் கட்டிய திடல்

அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஃபுளோரிடா மாநிலத்தில், கடற்கரையை ஒட்டி டேடோனா பீச் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கடற்கரை மணல் தரை போலக் கெட்டியாக இருக்கும். அதனால் 1935 வரை உலக வேகச் சாதனைக்கான கார்களை அந்த மணலிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு சாதனை ஓட்டங்கள் வேறு மாநிலத்தின் உப்பளத்துக்குப் போய்விட்டன. ஊருக்கு வந்த கூட்டமும் போய்விட்டது.

கூட்டத்தைத் திரும்ப வரவழைக்க, பாதி மணலும் பாதி தார்ச்சாலையுமாக ஒரு பாதை வகுத்து, 1936-இல் நகராட்சியே ஸ்டாக் கார் பந்தயம் நடத்தியது. அதில் நகராட்சிக்குக் கை கடித்தது. அந்தப் பந்தயத்தில் ஓடியவர்களுள் ஒருவர் பில் ஃபிரான்ஸ். பிழைப்புத் தேடி அந்த ஊருக்கு வந்து, மெக்கானிக்காக வேலை பார்த்து, பெட்ரோல் பங்க் நடத்தியவர். ‘நட்டம் பந்தயத்தில் இல்லை, நடத்திய விதத்தில் இருக்கிறது’ என்று கருதினாரோ என்னவோ, 1938 முதல் அவரே பந்தயம் நடத்தும் தொழிலில் இறங்கிவிட்டார்.

அந்தக் காலத்துப் பந்தயத் தொழிலில் நாணயம் குறைவு. டிக்கெட் விற்ற பணத்தோடு அமைப்பாளர் ஓடிவிடுவார். வென்றவர் பரிசுக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஊருக்கு ஒரு விதி, ஆளுக்கு ஒரு சட்டம். இதற்கு முடிவு கட்ட 1947 டிசம்பரில் ஒரு ஓட்டல் மாடியில் பில் ஃபிரான்ஸ் கூட்டம் கூட்டினார். அதிலிருந்து 1948-இல் பிறந்ததுதான் ‘நாஸ்கார்’ என்ற சங்கம். அதன் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்தவர் அவருடைய மனைவி ஆன் ஃபிரான்ஸ். வெளியே ஓடியாடித் தொழிலை வளர்த்தவர் கணவர். கல்லாவையும் பேரேட்டையும் காத்தவர் மனைவி. நம் கடைகளில் நாம் காணும் காட்சிதானே இது!

1957-இன் இறுதியில் கடற்கரையை விட்டுச் சற்றுத் தள்ளி நிலையான திடல் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு சுற்று இரண்டரை மைல், அதாவது சுமார் 4 கிலோமீட்டர். வளைவுகளில் பாதை 31 டிகிரி சாய்ந்து, ஒரு சுவர்போல எழும்பி நிற்கும். அவ்வளவு உயரத்துக்கு மண் வேண்டுமே! அதை விலைக்கு வாங்கவில்லை. திடலின் நடுவிலேயே தோண்டி எடுத்தார்கள். தோண்டிய பள்ளம் லாய்டு ஏரி என்ற பெயரில் இன்றும் திடலுக்குள் நீர் நிரம்பிக் கிடக்கிறது.

இந்தச் சாய்வு அலங்காரத்துக்கு அல்ல. சமதரையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்தால் கார் வெளியே வீசி எறியப்படும். சாய்ந்த பாதை காரைத் தாங்கிப் பிடித்து, தரையோடு அழுத்தி வைக்கிறது. ஆகவே வளைவிலும் வேகத்தைக் குறைக்காமல் போகலாம். இப்படிப்பட்ட நீளமான, சாய்வு மிகுந்த திடலுக்குத்தான் ‘சூப்பர் ஸ்பீட்வே’ என்று பெயர். டேடோனா ஒன்று, 1969-இல் அலபாமா மாநிலத்தில் திறக்கப்பட்ட டலடேகா மற்றொன்று.

1959 பிப்ரவரியில் முதல் ‘டேடோனா 500’ நடந்தது. 200 சுற்று, 500 மைல், சுமார் 805 கிலோமீட்டர். கடைசியில் லீ பெட்டியும் ஜானி பீசாம்பும் ஒட்டி உரசிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். பீசாம்ப் வென்றதாக அறிவித்துவிட்டார்கள். பிறகு புகைப்படங்களையும் செய்திப் படச் சுருளையும் போட்டுப் பார்த்து, மூன்று நாள் கழித்து, ‘இல்லை, வென்றவர் லீ பெட்டிதான்’ என்று திருத்தி எழுதினார்கள். இருப்பைச் சரிபார்த்த பிறகே கணக்கை மூட வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பின்னால் போகிறவருக்கு லாபம்

அடுத்த ஆண்டு, 1960-இல், ஜூனியர் ஜான்சன் என்ற ஓட்டுநருக்குக் கிடைத்தது ஒரு செவர்லே கார். அந்த ஆண்டின் பாண்டியாக் கார்களோடு ஒப்பிட்டால் அது வேகம் குறைந்த கார். பயிற்சி ஓட்டத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். தனியாக ஓடும்போது பிடிக்க முடியாத வேகமான காரை, அதன் முதுகை ஒட்டினாற்போல் ஓடும்போது விடாமல் தொடர முடிந்தது.

காரணம் காற்று. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் பின்னே காற்று குறைந்த ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடத்தில் ஓடுகிற காருக்குக் காற்றின் தடை குறைவு. திருவிழாக் கூட்டத்தில் பெரிய ஆள் ஒருவர் வழி விலக்கிக்கொண்டு போக, அவர் பின்னாலேயே குழந்தை நடந்து போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்தால் முன்னால் போகும் காருக்கும் இழுவை குறைகிறது. இரண்டு கார் சேர்ந்து ஓடினால், தனியாக ஓடும் ஒன்றைவிட வேகம் அதிகம். இதற்கு ‘டிராஃப்டிங்’ என்று பெயர். வேகம் குறைந்த காரை வைத்துக்கொண்டு அந்த ஆண்டு ஜூனியர் ஜான்சனே வென்றார்.

இந்த முறையில் இன்னொரு லாபமும் உண்டு. காற்றோடு போராடும் வேலை குறைவதால் பெட்ரோலும் மிச்சமாகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

காரின் மேல் சோப்புத் தூள்

தொடக்க காலத்தில் பந்தயக் காரின் மேல் உள்ளூர்க் கார் கடையின் பெயரோ, ஆயில், டயர் கம்பெனியின் பெயரோதான் இருக்கும். 1971-இன் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது. விளம்பரப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி தேடிய ஒரு சிகரெட் கம்பெனி, நாஸ்கார் தொடருக்கே தன் ‘வின்ஸ்டன்’ பெயரைச் சூட்டிப் பணம் கொட்டியது. அந்த உறவு 2003 வரை நீடித்தது. 1979-இல் டேடோனா 500 பந்தயம் தொடக்கம் முதல் முடிவு வரை முதன்முதலாக நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்பானது. கடும் பனிப்பொழிவால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் குடும்பத்தோடு பார்த்தார்கள். இதைக் கவனித்தவை வீட்டுச் சாமான் கம்பெனிகள். பந்தயம் பார்க்க வருகிறவர் வருடத்துக்கு ஒரு கார் வாங்குவாரா என்ன? ஆனால் வாராவாரம் மளிகை வாங்குவார், துணி துவைப்பார், காப்பி குடிப்பார். ஆகவே 1980-களில் காப்பித் தூள், சோப்புத் தூள் எல்லாம் கார்களின் மேல் ஏறின. பிராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனியின் ‘டைட்’ சோப்புத் தூள், தன் அட்டைப் பெட்டியின் ஆரஞ்சு நிறத்தோடு 1987-இல் ஒரு காரின் மேல் வந்தது. 2000-இல் இந்தியாவுக்கு வந்து, இன்று நம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, அதே டைட்தான். பிறகு ‘கெல்லாக்ஸ் கார்ன் ஃபிளேக்ஸ்’ பெயர் தாங்கிய காரில் ஓடிய டெர்ரி லபான்டி 1996-இல் ஆண்டுச் சாம்பியன் ஆனார்.

அந்த டைட் காரின் உரிமையாளர் ரிக் ஹென்ட்ரிக். தொழிலால் அவரும் ஒரு வியாபாரி, கார் விற்பவர். ஓட்டுநர் டேரல் வால்ட்ரிப். 1981, 1982, 1985 என மூன்று முறை ஆண்டுச் சாம்பியன். அவர் அதுவரை வெல்லாத பெரிய பந்தயம் ஒன்று பாக்கி இருந்தது. அதுதான் டேடோனா 500. பதினாறு முறை ஓடிப் பதினாறு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர்.

வேகத்துக்குப் போட்ட பூட்டு

1989-க்கு வருமுன் இடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1987-இல் டலடேகா திடலில் தகுதிச் சுற்றின்போது பில் எலியட் என்பவர் மணிக்கு 212.809 மைல் வேகம் எடுத்தார். அதாவது சுமார் 342 கிலோமீட்டர். சில நாளில் நடந்த பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் டயர் வெடித்து, காற்றில் எழும்பி, பார்வையாளர்களைக் காக்கும் கம்பி வலையில் மோதியது. வலை கிழிந்தது, பார்வையாளர் சிலர் காயமடைந்தார்கள். கார் மட்டும் வலையைத் தாண்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் வயிறு கலங்கியது.

அதன் பிறகு 1988 முதல் டேடோனா, டலடேகா திடல்களில் கார்பரேட்டருக்கு அடியில் நான்கு துளை போட்ட ஒரு தகட்டை வைக்கச் சொன்னார்கள். இஞ்சினுக்குப் போகும் காற்று குறையும், வேகமும் குறையும். வேறு வடிவக் கருவிகள் வந்து 2019-இல் அந்தத் தகடு விடைபெறும் வரை இதுவே நடைமுறை. இதனால் எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், கூட்டமாக நெருக்கியடித்து ஓட வேண்டியதாயிற்று. ஆபத்து முழுக்க நீங்கவில்லை. 2001-இல் இதே டேடோனாவில், கடைசிச் சுற்றில், டேல் எர்ன்ஹார்ட் என்ற மாபெரும் ஓட்டுநர் சுவரில் மோதி உயிரிழந்தார். அதற்குப் பிறகே தலையையும் கழுத்தையும் காக்கும் கருவி கட்டாயமானது. மோதலைத் தாங்கும் சுவர்கள் வந்தன. விளையாட்டு என்றாலும் உயிரைப் பணயம் வைக்கிற தொழில் அது என்பதை மறக்கக் கூடாது.

ஐம்பத்து மூன்று சுற்று

1989 பிப்ரவரி 19. வால்ட்ரிப்புக்கு இது பதினேழாவது முயற்சி. அவருடைய கார் எண்ணும் 17. ஆனால் அன்றைய வேகமான கார் அவருடையது அல்ல. அதே ஹென்ட்ரிக் முதலாளியின் இன்னொரு காரில் வந்த கென் ஷ்ரேடர்தான் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். பந்தயத்திலும் பாதிக்கு மேற்பட்ட சுற்றுகள் அவரே முன்னணியில் ஓடினார். ஒரே கடையிலிருந்து புறப்பட்ட இரண்டு வண்டிகள். ஒன்று வேகம், மற்றொன்று சிக்கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பந்தயத்தில் ஒரு முறை நிரப்பிய பெட்ரோல் 500 மைலுக்குப் போதாது. நடுநடுவே ‘பிட்’ எனப்படும் ஓரப் பாதைக்கு வந்து, பெட்ரோல் நிரப்பி, டயர் மாற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு நேரம் செலவாகும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் 83 மீட்டர் போய்விடும். நீங்கள் நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு வினாடியும் எதிரி 83 மீட்டர் முன்னேறிக்கொண்டே இருக்கிறார். ஆகவே எத்தனை முறை நிற்பது என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானித்துவிடும்.

வால்ட்ரிப் கடைசியாகப் பெட்ரோல் நிரப்பியபோது இன்னும் 53 சுற்று பாக்கி. அதாவது 132.5 மைல், சுமார் 213 கிலோமீட்டர். தொட்டியின் கொள்ளளவு 22 அமெரிக்க காலன், சுமார் 83 லிட்டர். அவருடைய குழுத் தலைவர் ஜெஃப் ஹாமண்ட், ‘இனி நிற்க வேண்டாம், இதைக்கொண்டே முடிப்போம்’ என்று துணிந்தார்.

நாமும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 83 லிட்டரை 53 சுற்றுக்குப் பங்கிட்டால் சுற்றுக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்றே கூடுதல். இதில் சுற்றுக்கு 100 மில்லி கூடுதலாகச் செலவானால் என்ன ஆகும்? நம் கடையில் விற்கும் மிகச் சிறிய எண்ணெய்ப் பாக்கெட் அளவுதான் அது. ஆனால் 53 சுற்றில் அது 5 லிட்டரைத் தாண்டிவிடும். ஐம்பதாவது சுற்றோடு கார் நின்றுவிடும். மூன்று சுற்று பாக்கி இருக்கையில், வெற்றிக் கம்பம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஓட்டுநர் கைகட்டி உட்கார வேண்டியதுதான்!

ஆகவே இது குருட்டுத் துணிச்சல் அல்ல. பந்தயக் குழுக்கள் பெட்ரோல் கேனை நிரப்பும் முன்னும் பின்னும் எடை போட்டு, உள்ளே எவ்வளவு போயிற்று என்று பார்க்கும் வழக்கம் உண்டு. முந்தைய நிறுத்தம் முதல் எத்தனை சுற்று ஓடியது என்பதும் தெரியும். இரண்டையும் வகுத்தால் சுற்றுக்கு எவ்வளவு என்று கணக்கு வந்துவிடும். ஓட்டுநரின் பங்கு வேறு. முன்னால் போகிற காரின் பின்னே ஒதுங்கி, காற்றுத் தடையைத் தவிர்த்து, அநாவசியமாக முந்தாமல், இஞ்சினைச் சீராக இழுக்க விட வேண்டும். கூட்டம் ஆரவாரம் செய்யும். பக்கத்தில் போகிறவர் சீண்டுவார். அதற்கெல்லாம் ஆக்சிலேட்டரை மிதித்தால் கணக்கு கெட்டுவிடும்.

கடைசிக் கட்டம் வந்தது. ஷ்ரேடர் பெட்ரோலுக்காக ஓரம் கட்டினார். டேல் எர்ன்ஹார்டும் அப்படியே. இதிலும் அவர்கள் தவறு ஏதும் இல்லை. தொட்டியில் இல்லை என்றால் நிரப்பித்தான் ஆக வேண்டும். வால்ட்ரிப் நிற்கவில்லை. கடைசிச் சில சுற்றுகளில் முன்னணிக்கு வந்தார். எந்த நொடியில் இஞ்சின் இருமப் போகிறதோ என்று பார்த்தவர் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, கட்டம் போட்ட கொடியைக் கடந்தார். இரண்டாவதாக வந்த ஷ்ரேடருக்கும் அவருக்கும் இடைவெளி 7.64 வினாடி. மூன்றாவது எர்ன்ஹார்ட். அன்றைய சராசரி வேகம் மணிக்கு 148.466 மைல். பதினேழு முயற்சியின் ஏக்கம் தீர்ந்த மகிழ்ச்சியில், நாற்பதைத் தாண்டிய அந்த மனிதர் வெற்றி மேடையில் குழந்தைபோல ஆடித் தீர்த்தார்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் நம் பெரியவர்கள். ஆற்றிலே போடுவதற்கே அளவு உண்டென்றால், தொட்டியில் ஊற்றுவதற்கு இல்லாமல் போகுமா? கிட்டங்கியில் அடுக்குவதற்கு இல்லாமல் போகுமா?

ஒரு தீபாவளிக் கணக்கு

கடை வைத்துப் பல வருடம் ஆன பிறகு ஒரு தீபாவளிக்கு நான் செய்த தவறு இது. சந்தையில் விலை ஏறப் போகிறது என்று பேச்சு. பக்கத்துக் கடை வாசலில் லாரி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கும் கை பரபரத்தது. துவரம்பருப்பும் சர்க்கரையும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்தேன். மொத்தமாக எடுத்தால் மூட்டைக்குத் தள்ளுபடி உண்டு என்றார்கள். கைப்பணம் போதவில்லை. வார வட்டிக்கு வாங்கிக் கட்டினேன்.

‘உங்கள் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பருப்பு போகிறது?’ என்று அன்று என்னை யாராவது கேட்டிருந்தால், ‘நிறையப் போகும்’ என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் என் கணக்கு! பொங்கல் சரக்குக்கு இடம் ஒதுக்கக் கிட்டங்கியைக் காலி செய்தபோது, சுவர் ஓரத்தில் ஆறு மூட்டைத் துவரம்பருப்பு அப்படியே இருந்தது. கையை விட்டால் வண்டு ஊர்ந்தது. புடைத்து, வெயிலில் காயவைத்து, வந்த விலைக்குத் தள்ளினேன். வட்டி மட்டும் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த நகை ஒன்று அந்த ஆண்டு அடகுக் கடைக்குப் போனது. அதை மீட்க அடுத்த ஆண்டு ஆடி மாதம் ஆயிற்று. என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனம்தான் வட்டியைவிடக் கனமாக இருந்தது.

அதன் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொடக்க இருப்பு, இடையில் வந்த சரக்கு இரண்டையும் கூட்டி, இன்றைய இருப்பைக் கழித்து, நாட்களால் வகுத்தால் ஒரு நாள் விற்பனை வந்துவிடும். எல்லாச் சரக்குக்கும் வேண்டாம். பணம் அதிகம் முடங்கும் பத்துச் சரக்குக்கு மட்டும் போதும்.

உதாரணம் ஒன்று பார்ப்போம். உங்கள் கடையில் 20 நாளில் 8 மூட்டைச் சர்க்கரை விற்கிறது. 50 கிலோ மூட்டை என்றால் 400 கிலோ. நாளைக்கு 20 கிலோ. மொத்த வியாபாரி, ‘பத்து மூட்டையாக எடுத்தால் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கிறேன், பதினைந்து நாளில் பணம் கொடுங்கள்’ என்கிறார். நல்ல பேரம்தான். ஆனால் பதினைந்து நாளில் விற்பது 6 மூட்டை. 4 மூட்டை கிட்டங்கியில் இருக்கும்போதே பத்து மூட்டைக்கும் பணம் கட்ட வேண்டும். மூட்டை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,000 ரூபாய் குறைகிறது. அதை வாரத்துக்கு நூற்றுக்கு மூன்று வட்டியில் இரண்டு வாரம் வாங்கினால் வட்டி 480 ரூபாய். தள்ளுபடியில் கிடைத்தது 100 ரூபாய்! பேரத்தில் வென்றோம், கணக்கில் தோற்றோம்.

அந்தத் தள்ளுபடியை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். இங்கேதான் ஜூனியர் ஜான்சன் கண்டுபிடித்த வித்தை உதவும். பக்கத்துக் கடைக்காரரும் நாமும் சேர்ந்து அந்தப் பத்து மூட்டையை எடுத்து ஐந்தைந்தாகப் பிரித்துக்கொள்ளலாம். பன்னிரண்டரை நாளில் சரக்கு விற்றுப் பணம் கைக்கு வந்துவிடும். தவணைக்கு இன்னும் இரண்டரை நாள் இருக்கும். தள்ளுபடியும் கிடைக்கும், வட்டியும் இல்லை. எதிர்க்கடைக்காரர் எதிரி அல்லர். பெரிய நிறுவனங்களின் காற்று எதிரே வீசும்போது, சிறிய வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடினால் இருவருக்கும் மிச்சம். ஆனால் கூட்டுக் கொள்முதலில் எடையும் தொகையும் அன்றைக்கன்றே எழுத்தில் இருக்க வேண்டும். ஒட்டி ஓடுகிற கார்கள் உரசினால் இரண்டும் சேர்ந்துதான் சுவரில் மோதும்.

ஒரே ஒரு வித்தியாசம்

கடைசியாக ஒன்று. வால்ட்ரிப்பைப் பார்த்து நாமும் தொட்டி வற்றும் வரை ஓடலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவருக்கு 200-ஆவது சுற்றோடு பந்தயம் முடிந்தது. கொடியைக் கடந்த பிறகு தொட்டியில் ஒரு சொட்டும் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறையாது. நமக்கு அப்படி அல்ல. தீபாவளி முடிந்த மறுநாளும் கடை திறக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு குழந்தை வந்து, ‘அண்ணாச்சி, கால் கிலோ சர்க்கரை’ என்று கேட்கும். அதற்குச் சரக்கும் வேண்டும், சில்லறையும் வேண்டும். நம் பந்தயத்துக்குக் கடைசிச் சுற்று என்று ஒன்று இல்லை. ஆகவே எவ்வளவு அளந்தாலும் நாலு நாள் சரக்குக்கான பணம் எப்போதும் தனியே இருக்கட்டும். வார வட்டிக்காரரின் வாசல் நமக்குப் ‘பிட்’ பாதை போல. தவிர்க்க முடியாமல் போனால் போகலாம், பழக்கமாகிவிடக் கூடாது.

வணிக நண்பர்களே! இன்று இரவு கல்லாவை மூடிய பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இது ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது, என்னிடம் இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது?’ என்று எழுதிப் பாருங்கள். பதில் உடனே வந்தால் நீங்கள் அளந்து ஓட்டுகிறீர்கள். வராவிட்டால் நாளைக் காலையிலேயே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். நம் கடையிலேயே விற்கிறோமே, விலையும் அசல் விலைதான்!